எடைமேடையும் கணினியும்: அடையாளப் பிழையைத் திருத்தும் முறை

வடசென்னையில் இராயபுரத்தினின்று கடலை ஒட்டி வடக்கே செல்லும் சாலையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர், நாட்டின் வாணிபம் சக்கரங்களின் மீது ஊர்ந்து செல்வதைக் காண்பர். தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி 1856-ஆம் ஆண்டில் புறப்பட்டது இந்த இராயபுரத்திலிருந்துதான். சென்னைத் துறைமுகத்தில் 1983-ஆம் ஆண்டில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. எண்ணூரில் 2001-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகம் ஒன்று இயங்கத் தொடங்கி, 2014-ஆம் ஆண்டில் காமராசர் பெயரைப் பெற்றது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும், திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களும், தொழிற்சாலைகளும், கிடங்குகளும் இவ்விரு துறைமுகங்களுக்கும் இடையே அடுத்தடுத்து அமைந்துள்ளன.

இவ்வட்டாரத்தில் ஆங்காங்கே எடைமேடைகள் இருக்கின்றன. பொதுமக்கள் இவற்றை 'வே பிரிட்ஜ்' என்றே அழைக்கின்றனர். லாரி மேடைமேல் ஏறி நிற்கிறது. சிறு அறையில் அமர்ந்திருப்பவர் கணினியில் வண்டி எண்ணைப் பதிகிறார். எடைச் சீட்டு அச்சாகி வெளிவருகிறது. லாரி ஓட்டுநரின் வாடகை, வியாபாரியின் விலை, துறைமுகத்தின் அனுமதி ஆகிய மூன்றும் அச்சிறு சீட்டை நம்பியே நிற்கின்றன.

இத்தகைய இடத்தில் கணினி தன்னோடு இணைக்கப்பட்ட கருவியை வேறொன்றாகக் கருதி மயங்குமாயின் என்ன நேரும்? அம்மயக்கம் ஏன் உண்டாகிறது? அதனை நாமே நீக்கிக்கொள்வது எங்ஙனம்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். துறைமுகத்திற்கு மட்டும் உரிய விஷயம் இது என்று கிராமத்து அன்பர்கள் எண்ண வேண்டுவதில்லை. பால் கூட்டுறவுச் சங்கத்தின் மின்னணுத் தராசு கணினியோடு இணைக்கப்பட்டுள்ள ஒவ்வோர் ஊரிலும் இதே தொல்லை தலைகாட்டக் கூடும்.

எடைக்கு ஏன் இத்துணை மதிப்பு?

2007-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் 'எம்எஸ்சி நாப்போலி' என்னும் கன்டெய்னர் கப்பல், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாயில் புயலில் சிக்கி உடல் விரிசல் கண்டது. பின்னர் அதன் மேல்தளத்திலிருந்து நனையாமல் எடுக்கப்பட்ட சுமார் 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தனர். அவற்றுள் 137 பெட்டிகளின் உண்மை எடை, ஏட்டில் எழுதியிருந்த எடையினின்று 3 டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. ஏட்டில் உள்ள எடையை நம்பியே கப்பலில் பெட்டிகளை அடுக்குகின்றனர். ஏடு பொய்த்தால் கப்பலில் உள்ளோர் உயிருக்கே ஆபத்து நேரும் என்பதை உலகம் உணர்ந்தது.

அதன்பின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு தன் விதியைத் திருத்தியது. 2016-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி முதல், சரக்கு நிரப்பிய எந்தக் கன்டெய்னரும் அதன் மொத்த எடை சரிபார்க்கப்பட்ட பின்னரே கப்பலில் ஏற்றப்பட வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. பெட்டியை முழுவதுமாக நிறுப்பது ஒரு வழி; உள்ளிருக்கும் பொருள்களைத் தனித்தனியே நிறுத்து, அவற்றோடு காலிப் பெட்டியின் எடையைக் கூட்டுவது மற்றொரு வழி. எவ்வழியாயினும் நம்பத்தக்க தராசு இன்றியமையாதது. நம் நாட்டில் தராசுகளும் எடைமேடைகளும் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்திற்கு உட்பட்டவை. உரிய காலத்தில் அதிகாரிகள் அவற்றைச் சோதித்து முத்திரையிட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

எடை எவ்வாறு கணினியைச் சென்றடைகிறது?

எடைமேடையின் அடியில் உருக்கினால் ஆன உணர்கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றை 'லோட் செல்' என்பர். பாரம் ஏறும்போது உருக்கு கண்ணுக்குப் புலப்படாத அளவு நெளிகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பித் தகடும் உடன் நெளிவதால் அதன் மின்தடை மாறுகிறது. இம்மாற்றத்தை அளந்து கிலோகிராமாகக் காட்டுவது, அறையினுள் சிவப்பு எண்கள் ஒளிரும் 'இண்டிகேட்டர்' என்னும் பெட்டி. உண்மையில் எடை காண்பது இப்பெட்டியே. கணினி அதனிடமிருந்து எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளும் கணக்குப்பிள்ளை மட்டுமே.

இண்டிகேட்டரிலிருந்து எண் ஒரு கம்பி வழியே செல்கிறது. ஆர்எஸ்-232 என்னும் பெயருடைய இவ்விணைப்பு முறை 1960-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்ச் செல்வதால் இதனைத் 'தொடர் இணைப்பு' என்று சொல்லலாம். இக்காலக் கணினிகள் பலவற்றில் இதற்குரிய துறை இல்லை. யுஎஸ்பி துறையே உள்ளது. ஆகையால் இடையே 'கன்வெர்ட்டர்' என்னும் சிறு மாற்றியைச் செருகுகின்றனர். கணினி அம்மாற்றிக்கு 'காம் 3', 'காம் 4' என்றவாறு ஓர் எண்ணிடுகிறது. எடை மென்பொருள் அவ்வெண்ணுள்ள துறையில் காத்திருந்து எடையைப் பெற்றுக்கொள்கிறது.

பல இண்டிகேட்டர்கள் எவரும் கேளாமலே, நொடிக்குப் பலமுறை எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். தொல்லை பிறப்பது இவ்விடத்தில்தான்.

நோயின் குறிகள்

காலையில் எடைமேடையைத் திறந்து கணினியை இயக்குகிறார் ஊழியர். திரையில் உள்ள அம்புக்குறி தானே துள்ளுகிறது, மூலைக்கு ஓடுகிறது, எவரும் தொடாமலே பொத்தான்கள் அமுங்குகின்றன, பட்டியல்கள் திறந்து மூடுகின்றன. எடை மென்பொருளைத் திறந்தால், துறையைத் திறக்க இயலவில்லை என்ற அறிவிப்பு வருகிறது. அல்லது எடை இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாய் நிற்கிறது. வெளியே வண்டிகள் வரிசையில் நின்றுவிடுகின்றன.

இந்நிலையில் பெரும்பாலோர் செய்வன மூன்று. மௌஸ் பழுதென்று புதிய மௌஸ் வாங்குவர், அதனால் பயனில்லை. வைரஸ் புகுந்துவிட்டது என்று கணினியின் வட்டை அழித்து, எல்லாவற்றையும் மீண்டும் நிறுவுவர்; பழைய கணக்குகள் மறைவதேயன்றி நோய் தீர்வதில்லை. அல்லது ஊழியர் ஏதோ செய்துவிட்டார் என்று அவர்மீது பழி சுமத்துவர். இம்மூன்றாவதே மிகக் கொடியது. எடைமேடை ஊழியர்கள் பலர் நாட்கூலிக்கோ சிறு சம்பளத்திற்கோ உழைப்பவர்கள். யந்திரத்தின் மயக்கத்தை மனிதனின் குற்றமாகக் கொண்டு ஒருவரது பிழைப்பைக் கெடுத்தல் தகாது. சரியான காரணத்தை அறிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்துவதோடு நியாயத்தையும் காக்கும்.

காரணம் யாது?

விண்டோஸ் என்னும் இயக்க மென்பொருள், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவியையும் 'நீ யார்?' என்று வினவி, கிடைத்த விடைக்கேற்ப 'டிரைவர்' என்னும் துணை மென்பொருளை அமர்த்துகிறது. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 முதல் இவ்வழக்கம் பரவலாயிற்று. யுஎஸ்பி கருவிகளிடம் இக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. செய்த நிறுவனத்திற்கு ஓர் எண்ணும், கருவியின் வகைக்கு ஓர் எண்ணும் அவற்றின் உள்ளேயே பதிந்திருக்கின்றன. பழைய தொடர் இணைப்பில் அத்தகைய அடையாளச் சீட்டு இல்லை.

யுஎஸ்பி வருவதற்கு முன் மௌஸ்களும் இத்தொடர் இணைப்பின் வழியே இணைக்கப்பட்டன. அவற்றை அறிந்துகொள்ள ஒரு குறி ஏற்பட்டிருந்தது. கணினி துறையின் கம்பியில் மின்சாரத்தைச் சற்று நிறுத்தி மீண்டும் கொடுக்கும். மௌஸ் இருந்தால் அது உடனே 'எம்' என்னும் ஆங்கில எழுத்தை அனுப்பும். மைக்ரோசாப்ட் நிறுவனம் மடிக்கணினிகளுக்காக 1990-களின் தொடக்கத்தில் விற்ற 'பால்பாயின்ட்' என்னும் உருண்டைச் சுட்டி 'பி' என்னும் எழுத்தை அனுப்பும். கேட்கும் வேகம் விநாடிக்கு 1200 துடிப்பு. இத்தகைய மௌஸ்கள் வழக்கொழிந்து பல்லாண்டுகள் ஆகியும், அவற்றைத் தேடும் வழக்கத்தை விண்டோஸ் விட்டுவிடவில்லை. விண்டோஸ் 10-இலும் அத்தேடல் நிகழ்கிறது.

இனி, கணினி இவ்வாறு செவிசாய்க்கும் அதே கணத்தில், மறுமுனையில் இண்டிகேட்டர் இடைவிடாது எடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். இண்டிகேட்டரின் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 9600 துடிப்பு. கணினி ஒரு துடிப்பைப் படிக்கும் நேரத்திற்குள் எட்டுத் துடிப்புகள் ஓடிவிடும். ஆகவே கணினியின் செவியில் விழுவது சிதறிய எழுத்துகளே. அச்சிதறலில் தற்செயலாக 'எம்' அல்லது 'பி' போன்ற வடிவம் தோன்றிவிட்டால், 'இதோ மௌஸ்' என்று விண்டோஸ் முடிவு செய்து, மௌஸுக்குரிய டிரைவரை அத்துறையில் அமர்த்திவிடுகிறது.

சந்தையின் இரைச்சலில் ஒருவர் தம் பெயரை யாரோ அழைத்ததாக எண்ணித் திரும்பிப் பார்ப்பதை ஒத்தது இது. அழைத்தவர் எவரும் இல்லை. ஆயினும் திரும்பியவர் திரும்பியவரே.

அதன்பின் நிகழ்வனவற்றை எளிதில் ஊகிக்கலாம். மௌஸ் தன் அசைவை மூன்று மூன்று எழுத்துகளாக அனுப்பும். அவற்றில் வலம் இடமாக எவ்வளவு, மேல் கீழாக எவ்வளவு, எந்தப் பொத்தான் அமுங்கியது என்பன அடங்கும். இப்பொழுது எடை எண்களையே கணினி அவ்வாறு பொருள்கொள்கிறது. ஆகையால் அம்புக்குறி துள்ளுகிறது. பொத்தான்கள் தாமே அமுங்குகின்றன. துறையை மௌஸ் டிரைவர் பிடித்துக்கொண்டமையால் எடை மென்பொருளுக்கு அங்கே இடமில்லாது போகிறது. இரண்டு குறிகளுக்கும் காரணம் ஒன்றே.

தேடல் நிகழ்வது கணினி இயங்கத் தொடங்கும்போதும், மாற்றியைச் செருகும்போதும் மட்டுமே. எனவே தொல்லை ஒரு நாள் வரும், மறுநாள் வாராது. இக்கண்ணாமூச்சியைக் கண்டே பலர் வைரஸ் என்று மயங்குகின்றனர்.

திருத்தும் முறை

முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டியது: கணினி குழம்பினாலும் எடை குழம்பவில்லை. இண்டிகேட்டர் காட்டும் எண் சரியானதே. ஆகவே வண்டிகளை நிறுத்திவைக்க வேண்டுவதில்லை. பக்க எண்ணிட்ட நோட்டுப் புத்தகத்தில் வண்டி எண், நேரம், மொத்த எடை, காலி எடை, நிகர எடை ஆகியவற்றைக் கையால் எழுதி, ஓட்டுநரும் ஊழியரும் கையொப்பமிட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம். பின்னர்க் கீழ்க்கண்ட படிகளை வரிசையாகச் செய்க.

1. இண்டிகேட்டரிலிருந்து கணினிக்கு வரும் கம்பியை மாற்றியின் முனையில் மெல்லக் கழற்றுக. மாற்றி கணினியிலேயே இருக்கட்டும். அம்புக்குறி உடனே அமைதியுற்றால் நோய் இன்னதென்பது உறுதி. கம்பியைக் கழற்றிய பின்னும் துள்ளினால் காரணம் வேறு; உண்மையான மௌஸையும் பிறவற்றையும் சோதிக்க வேண்டும்.

2. விண்டோஸ் விசையையும் 'எக்ஸ்' விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறக்க. இணைந்துள்ள கருவிகள் யாவும் வகை வகையாக அங்கே காணப்படும்.

3. மௌஸ் வகையை விரித்துப் பார்க்க. 'மைக்ரோசாப்ட் சீரியல் பால்பாயின்ட்' அல்லது 'மைக்ரோசாப்ட் சீரியல் மௌஸ்' என்று ஒரு பெயர் இருப்பின் அதுவே பொய்க் கருவி. பட்டியலில் இல்லையெனில், கம்பியை மீண்டும் பொருத்திக் கணினியை ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பார்க்க.

4. அப்பெயரின்மீது வலப் பொத்தானை அழுத்தி 'டிஸேபிள்' என்பதைத் தேர்ந்தெடுக்க. அதாவது, அது இருக்கட்டும், ஆனால் இயங்க வேண்டாம் என்று கட்டளையிடுகிறோம். 'அன்இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. அவ்வாறு நீக்கினால் அடுத்த முறை கணினி அதனைப் புதிய கருவியாகக் கண்டெடுத்து மீண்டும் அமர்த்திவிடும். முடக்கிவைத்தால், முடக்கப்பட்டது என்ற நினைவு கணினியில் தங்கும். கையிலுள்ள உண்மையான மௌஸைத் தவறுதலாக முடக்கிவிடாதபடி பெயரை இருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

5. கம்பியை மீண்டும் பொருத்துக. எடை மென்பொருளைத் திறந்து, இண்டிகேட்டரில் உள்ள எண்ணும், திரையில் உள்ள எண்ணும், அச்சான சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றே என்பதைச் சரிபார்த்த பின்னரே வழக்கமான வேலையைத் தொடங்குக.

நிலையான மருந்து

மேற்கண்ட முறை பெரும்பாலும் போதும். மாற்றியை வேறு துளையில் செருகினாலோ, புதிய மாற்றி வாங்கினாலோ தொல்லை திரும்பக் கூடும். அதனை அடியோடு களைய மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, பேசுபவரை அடக்குவது. பல இண்டிகேட்டர்களில், இடைவிடாது எடையை அனுப்பாமல், கேட்டபோதோ பொத்தானை அழுத்தியபோதோ மட்டும் அனுப்பும்படி அமைக்க இயலும். எடை மென்பொருளும் அதற்கு இசைவதாக இருக்க வேண்டும். இம்மாற்றத்தை எடைமேடையைப் பராமரிக்கும் உரிமம் பெற்றவரைக் கொண்டே செய்விக்க வேண்டும். முத்திரையிட்ட பெட்டியை நாமே திறப்பது சட்டத்திற்கு மாறானது. எடையின் நம்பகமும் கெடும்.

இரண்டாம் வழி, கேட்பவரின் வழக்கத்தை மாற்றுவது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லு உள்ள மாற்றியாயின், டிவைஸ் மேனேஜரில் துறைகளின் வகையில் அதன் பெயரைத் திறந்து, துறை அமைப்புகளில் மேல்நிலைப் பகுதிக்குச் சென்றால் 'சீரியல் எனுமரேட்டர்' என்று ஒரு கட்டம் தென்படும். அதிலுள்ள குறியை எடுத்துவிட்டால், அத்துறையில் மௌஸைத் தேடும் வேலையே நிகழாது. இதுவே மிகத் தூய முறை.

மூன்றாம் வழி, கணினியின் பதிவேட்டில் 'செர்மௌஸ்' என்னும் சேவையைத் தேடி, அதன் 'ஸ்டார்ட்' மதிப்பை 3 என்பதிலிருந்து 4 ஆக மாற்றுவது. அதன்பின் தொடர் இணைப்பு மௌஸ் எதுவும் அக்கணினியில் இயங்காது. அத்தகைய மௌஸை இன்று எவரும் பயன்படுத்துவதில்லையாதலால் இழப்பு ஒன்றுமில்லை. ஆயினும் பதிவேட்டில் தவறாகக் கைவைத்தால் கணினியே இயங்காது போகலாம். பழகியவர், பதிவேட்டின் படியொன்றை எடுத்துவைத்துக்கொண்ட பின்னரே இதைச் செய்தல் வேண்டும்.

கணினி முழுதும் இயங்கிய பின் இண்டிகேட்டரைப் போடுவதும் ஒரு தற்காலிக உபாயம். ஆனால் எடைமேடையில் இது கவனத்திற்குரியது. இண்டிகேட்டர் இயங்கத் தொடங்கும்போது வெறும் மேடையைப் பூச்சியமாகக் கொள்ளும். அவ்வேளையில் மேடைமேல் வண்டி நின்றால் கணக்குப் பிழைபட இடமுண்டு. மேடை காலியாக உள்ளதைக் கண்ணால் கண்ட பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். இதைவிடக் கம்பியைக் கழற்றிப் பொருத்துவதே பத்திரமானது.

இவ்வகையைச் சேர்ந்த பிற மயக்கங்கள்

இதே பிழை மீனவர்களிடமும் காணப்படுகிறது. காசிமேட்டு விசைப்படகுகளில் இடமறியும் ஜிபிஎஸ் கருவி இன்று சாதாரணம். வலை விரித்த இடங்களின் குறிப்புகளைச் சேமித்துவைக்க அக்கருவியைத் தொடர் இணைப்பின் வழியே கணினியோடு இணைப்போர் உளர். பல ஜிபிஎஸ் கருவிகள் விநாடிக்கு 4800 துடிப்பு வேகத்தில், நொடிக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தை அனுப்புகின்றன. உலகெங்கும் இவ்வகை மயக்கத்திற்குப் பெயர்பெற்ற கருவியும் இதுவே. மருந்து மேற்கூறியதே.

அடுத்தது, துறை எண் மாறுவது. மாற்றியை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் 'காம் 3' ஆக இருந்தது 'காம் 5' ஆகிவிடக் கூடும். எடை மென்பொருளோ பழைய துறையிலேயே காத்துக்கிடக்கும். மாற்றியை முன்பிருந்த துளையில் செருகினாலே போதும். இல்லையேல் மென்பொருளில் எண்ணை மாற்றலாம். எந்தத் துளை எந்தக் கருவிக்கு என்று சிறு காகிதத்தில் எழுதி ஒட்டிவைப்பது செலவில்லாத தற்காப்பு.

அச்சு யந்திரமும் இவ்வாறே ஏமாற்றும். வரிசை எண்ணைச் சொல்லாத அச்சு யந்திரத்தை வேறு துளையில் செருகினால், விண்டோஸ் அதனைப் புதியதொரு யந்திரமாகக் கருதி, பழைய பெயரோடு 'காபி 1' என்று சேர்த்து எழுதிக்கொள்ளும். சீட்டுகளோ இல்லாத பழைய யந்திரத்திற்குச் சென்று தேங்கும். புதிய பெயரையே வழக்கமான யந்திரமாகக் குறித்து, பழைய பெயரை நீக்கிவிட வேண்டும்.

போலிச் சில்லுகளாலும் அடையாளம் கெடுகிறது. விலை மலிவான மாற்றிகள் சிலவற்றில், பெயர்பெற்ற நிறுவனங்களின் எண்ணைப் பொய்யாகப் பொறித்திருப்பர். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய டிரைவர் ஒன்று, இத்தகைய போலிகளின் அடையாள எண்ணைப் பூச்சியமாக மாற்றிவிட்டது. நேற்று வரை இயங்கிய மாற்றி இன்று பெயரற்ற கருவியாயிற்று. போலியென்று அறியாமல் வாங்கியவர்களே துன்புற்றமையால் பெருங்கூக்குரல் எழுந்தது. அந்நிறுவனமும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஒரு நாள் வேலையை இழப்பது சிக்கனமாகாது.

லினக்ஸ் கணினிகளும் விதிவிலக்கல்ல. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த உபுண்டு 22.04 பதிப்பில், பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவிக்கான மென்பொருள், 'சிஎச் 340' என்னும் மலிவான சில்லுடைய மாற்றிகளைத் தனக்குரிய கருவி என்று கருதிக் கைப்பற்றிக்கொண்டது. அக்கணினியில் பிரெயில் கருவியைப் பயன்படுத்துவோர் எவரும் இல்லையாயின் அம்மென்பொருளை நீக்கிவிடலாம். பார்வையற்ற ஊழியர் ஒருவர் பயன்படுத்துவாராயின், அதை நீக்காமல் வேறு சில்லுடைய மாற்றியை வாங்குவதே முறை.

பிழைபோலத் தோன்றிப் பிழையல்லாததும் உண்டு. பட்டைக்குறியை வாசிக்கும் ஸ்கேனரை இணைத்தால், கணினி அதனைப் பெரும்பாலும் 'கீபோர்டு' என்றே காட்டும். அது மயக்கமன்று. படித்த எண்ணைத் தட்டச்சு செய்வதுபோல் அனுப்பும்படியே அக்கருவி செய்யப்பட்டுள்ளது. இயங்கும் கருவியைப் பெயர் கண்டு அஞ்சித் திருத்தப் புகுதல் வேண்டா.

கிராமத்திற்கு இதனால் என்ன பயன்?

விடியற்காலையில் பால் சங்கத்தின் முன் பாத்திரங்களோடு நிற்கும் உறுப்பினர்களை எண்ணிப் பாருங்கள். தராசும், பாலின் கொழுப்பை அளக்கும் கருவியும் கணினியோடு இணைந்துள்ளன. அம்புக்குறி தானே துள்ளி ஒரு பெயரின்மீது அமுங்கினால், ஒருவர் ஊற்றிய பால் மற்றொருவர் கணக்கில் ஏறிவிடும். அரை லிட்டர்தானே என்று தள்ளிவிட முடியாது. ஒரே கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பத்திற்கு அது அன்றைய வரும்படியில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய இழப்பு, சங்கத்தின் கணக்கின்மீது வைத்த நம்பிக்கை குலைவது. கூட்டுறவு நிற்பது அந்நம்பிக்கையின் மேல்தான்.

ஆகவே, கணினி வைத்துள்ள ஒவ்வொரு சங்கமும் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். எந்தக் கருவி எந்தத் துளையில், எந்தத் துறை எண்ணில் உள்ளது என்பதை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுக. கணக்குகளின் படியை நாள்தோறும் வேறோர் இடத்தில் எடுத்துவைக்க. கணினி பழுதுபட்டால் கையால் எழுதுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க. கணினியைப் பழகிய இளைஞர் அல்லது இளம்பெண் இருவருக்கேனும் இக்கட்டுரையில் கண்ட படிகளைச் செய்து காட்டுக. ஒருவர் வாராத நாளிலும் மற்றவர் இருப்பார்.

உறுப்பினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சீட்டைப் பெற்றவுடன் அதிலுள்ள எண்ணைத் தராசின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேட்பது ஊழியரை அவமதிப்பதாகாது. அது அவருக்கும் காப்பு, உறுப்பினருக்கும் காப்பு.

கணினி மிக விரைவாக வேலை செய்யும் யந்திரம்; ஆயினும் அது கண்ணால் கண்டு கருவியை அறிவதில்லை. குறிகளைக் கொண்டே அறிகிறது. குறி மயங்கினால் கணினியும் மயங்கும். அம்மயக்கத்தைத் தெளிவிப்பது அதன் முன் அமர்ந்திருக்கும் மனிதரின் வேலை. எண்ணூர்ச் சாலையில் வரிசையில் காத்துநிற்கும் ஓட்டுநருக்கும், பால் பாத்திரத்தோடு நிற்கும் தாய்க்கும் சேர வேண்டிய எடை குறையாமல் சேருமாயின், இச்சிறு அறிவைப் பெற்றதன் பயன் கைகூடிற்று எனலாம்.